அண்ணியின் எடை

அந்த ஊரில் தூக்குக்காற்று வீசினால் ஆளையே தூக்கிவிடும். ஆள் கனக்கக் கனக்க இன்னும் வேகமாகத் தூக்கும். அதனால் தையல்காரர் ஒவ்வொருவரிடமும் எடை கேட்டு, அதற்கேற்ற ஈயக்குண்டுகளை உடுப்பின் விளிம்பில் வைத்துத் தைப்பார்.

ஒருநாள் காலை, புது உடுப்போடு கடையை விட்டு இறங்கிய அவருடைய அண்ணி காற்றில் மேலேறி, மாடி உயரத்தில் பெயர்ப்பலகையைப் பிடித்துத் தொங்கினார்.

"என்னத்தைத் தம்பி தைச்சு வெச்சீங்க?"

"நீங்க சொன்ன அம்பத்தஞ்சு கிலோவுக்குத்தான்! நிஜத்தைச் சொல்லுங்க அண்ணி. குண்டு குறைஞ்சா பறந்துடுவீங்க, கூடினா தொப்புன்னு விழுவீங்க."

அண்ணி, கீழே ஓடிவந்து நின்ற கணவரைப் பார்த்தார். "மேல வாங்க தம்பி, காதுல சொல்றேன்."

"பலகை கழலுது அண்ணி!"

"எழுபத்தொண்ணு!"

தையல்காரர் மீதிக் குண்டுகளை எண்ணிப் பையில் போட்டு, கழியில் மாட்டி நீட்டினார். பையை வாங்கியதும் அண்ணி பூப்போல இறங்கினார்.

"இருபது வருஷமா எங்கிட்ட சொல்லலையே!" என்று அங்கலாய்த்தார் அண்ணன்.