தேயிலைத்தூளில் வைத்த கேமரா

போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வரி கட்டிய ரசீதைத் தேடி அலமாரியின் மேல்தட்டைக் குடைந்துகொண்டிருந்தேன். ரசீது கிடைக்கவில்லை. அது கிடைக்காமலே போனால் பஞ்சாயத்து ஆபீஸில் என்ன சொல்வது என்று யோசித்து அன்றைக்கு மதியச் சோறு சரியாக இறங்கவில்லை, அதை விடுங்கள். கையில் தட்டுப்பட்டது ஒரு கறுப்புப் பை. ஜிப்பை இழுத்ததும் தேயிலை வாசம் மூக்கில் ஏறியது. குடிக்கிற டீயின் வாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபாக்டரியில் டிரையரிலிருந்து சூடாக விழும் தூளுக்கென்று ஒரு வாசம் உண்டு, வறுத்த கடலையும் சணல் சாக்கும் கலந்ததுபோல. பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில், மே மாத வெயிலில், கொதிக்கிற ஓட்டுக்குக் கீழே நின்ற எனக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது.

பைக்குள் இருந்தது என் முதல் கேமரா. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை. பாட்டரி செத்துப் பல வருடம் ஆகிறது. ஓரத் தையலில் இன்னும் நாலைந்து மணித் தூள் ஒட்டியிருந்தது.

கேமராவுக்கும் தேயிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லும் முன் நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்று பயந்து ஒன்பதோடு நின்றவன் நான். தோற்றிருந்தால் ஒரு வாரம் அவமானமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்து வாழ்நாள் முழுக்க "எதுவரை படிச்சிருக்கீங்க" என்ற கேள்விக்குப் பயப்படுகிறேன். பஸ்ஸில் ஏறினால் பிரேக்கை நினைப்பேன். கதவைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பேன். இப்படிப்பட்டவன் ஒரு கேமராவைத் தேர்ந்தெடுக்க எத்தனை நாள் எடுப்பான்? இரண்டு வருடம் எடுத்தேன்.

அப்போது மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடுகள். அதற்கு லைன் என்று பெயர். எங்களுடையது கடைசி வீடு. கூரை ஒழுகியதால் மேலே நீலத் தார்ப்பாய் ஒன்றை நான்தான் கட்டினேன். காற்றில் பறந்துவிடுமோ என்று அதன்மேல் இரண்டு பழைய ஜீப் டயர்களை வைத்தேன். பிறகு டயர் உருண்டு யார் தலையிலாவது விழுமோ என்று அவற்றையும் கயிற்றால் கட்டிப்போட்டேன். லைனே சிரித்தது. "ஆட்டக் கட்டுவான், மாட்டக் கட்டுவான், இவன் டயரக் கட்டுதான்" என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தை போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினாள்.

அப்பா இல்லை. அக்காவைச் சித்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அம்மா கொழுந்து எடுக்கப் போவாள், நான் ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் தற்காலிக வேலைக்காரன். பச்சை இலையைப் பரப்பிக் கீழிருந்து காற்றடிப்பார்கள், அதைக் கிளறிவிட வேண்டும். ஈரம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போயிற்று என்று நாள் முழுக்க அதே கவலை. எனக்கேற்ற வேலை என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் மலையில் ரோடு வளைகிற இடத்தில் டூரிஸ்ட் வண்டிகள் நிற்கும். இறங்குகிறவர்கள் படம் எடுக்க, செடிகளுக்கு நடுவே நிற்கும் பெண்களை, "சேச்சி, இங்கோட்டு நோக்கூ" என்று திரும்பிப் பார்க்கச் சொல்வார்கள். இந்திக்காரர்கள் கையைத் தட்டுவார்கள். அம்மா கத்தரியைப் பிடித்தபடி நிமிர்ந்து சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள். எங்கள் மலையில் கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைவு. பெட்டி வைத்த பெரிய கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். வருடக்கணக்கில் இப்படி நிமிர்ந்து நிமிர்ந்து சிரித்தவளுக்கு, வீட்டில் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அதில் அம்மா எதையோ திருடி மாட்டிக்கொண்டவள்போல இருப்பாள்.

ஒருநாள் அட்டைப்பூச்சி கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்.

"எத்தன பேரு எடுத்துட்டுப் போயிருக்கானுக. பம்பாயில, டெல்லியில, எவன் எவன் வீட்டுலயோ நான் நிக்கேன். என் வீட்டுல மட்டும் நான் இல்ல. பிரியுறதுக்குள்ள ஒண்ணு எடுத்துக் குடுடா. கத்தரி வச்சுக்கிட்டு, படுதா கட்டிக்கிட்டு, மலையில நிக்கிற மாதிரி."

பிரிவது என்றால் வேலையிலிருந்து ஓய்வு பெறுவது. ஐம்பத்தெட்டு முடிந்தால் கத்தரியையும் இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படுதாவையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டையும் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் இன்னொரு நிரந்தர வேலைக்காரர் இருந்தால் வீடு தங்கும். நான் தற்காலிகம் என்பதைச் சொன்னேன் அல்லவா.

என் சட்டைப்பையில் அப்போதே ஒரு போன் இருந்தது. அடுத்த நாள் காலையில் மலைக்குப் போய் அதிலேயே எடுத்திருக்கலாம். இத்தனை வருடமாக என்னை அரிப்பது அதுதான். நான் சொன்னதோ, "போன்ல வேணாம்மா, சுமாராத்தான் வரும். நல்ல கேமரா வாங்கி எடுக்குறேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. லைனில் ரேஞ்ச் கிடைக்காது. கோயிலுக்கு மேலே ஒரு பாறையில்தான் போனில் இரண்டு கட்டம் ஏறும். வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து கேமரா வீடியோக்களாகப் பார்ப்பேன். பாதியில் சுற்றிக்கொண்டு நிற்கும், நானும் காத்துக்கொண்டு நிற்பேன். சிவப்பு எழுத்துக் கம்பெனியா, மஞ்சள் எழுத்துக் கம்பெனியா? உள்ளே கண்ணாடி வைத்த பழைய மாதிரியா, கண்ணாடி இல்லாத புது மாதிரியா? கண்ணாடி வைத்தது கனம், ஆனால் பாட்டரி நிற்கும். கண்ணாடி இல்லாதது லேசு, ஆனால் குளிரில் பாட்டரி இறங்கிவிடும் என்று ஒருவர் சொன்னார், இறங்காது என்று இன்னொருவர் சொன்னார். இருவருமே படித்தவர்கள்போல் இருந்தார்கள். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எழுதினேன். நோட்டு தீர்ந்ததும் இன்னொரு நோட்டு வாங்கினேன். ஜீப் ஓட்டும் செல்வம், என் கூடப் படித்தவன், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ கேமரா வாங்குறியா, பொண்ணு பாக்குறியா? பொண்ணுக்கே ரெண்டு மாசத்துல தட்டு மாத்திருவாங்கடா" என்றான்.

அம்மா பிரிய ஒரு மாதம் இருக்கும்போது செல்வமே என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். மறையூர், உடுமலை வழியாகக் கோயம்புத்தூர். கடையில் ஒரு அக்கா நின்றிருந்தார். இரண்டு நோட்டையும் கண்ணாடி மேஜைமேல் பரப்பினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"ஏனுங்க, மொதக் கேமராங்களா?"

"ஆமாங்க."

"யாரை எடுக்கப் போறீங்க?"

"எங்கம்மாவ."

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "அம்மாவ எடுக்கறதுக்கு எதுக்குங்க இத்தன எழுத்து? எந்தக் கம்பெனியின்னாலும் படம் உழும். இந்தச் சின்ன லென்ஸு ஒண்ணு போதுமுங்க. பக்கத்துல போய் நின்னு எடுங்க. ரெண்டு லென்ஸு வெச்சீங்கன்னா மாத்தறதுலயே பொழுது போயிருமுங்க."

அதை மட்டும் கேட்டிருந்தால் போதும். ஆனால் தூரத்தில் நிற்பவர் முகம் மட்டும் தெளிந்து, பின்னால் மலை மங்கலாகப் போகிற படங்களைப் பாறையில் உட்கார்ந்து எவ்வளவு பார்த்திருக்கிறேன். நீள லென்ஸ் இல்லாமல் போய், அது வேண்டியிருந்தால் என்ன செய்வது? இரண்டையும் வாங்கினேன். பில் போடும்போது அவர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "மூணாறுங்களா, அங்க ஈரம் சாஸ்தி. லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிரும். காத்துப் போகாத டப்பாவுல, ஈரத்த உறிஞ்சற மாதிரி எதையாச்சும் போட்டு வெய்யுங்க."

திரும்பி வந்த ஏழு மணி நேரமும் பூஞ்சைதான் என்னோடு வந்தது.

ஈரத்தை உறிஞ்சுவதில் காய்ந்த தேயிலைக்கு நிகர் ஏது? மூட்டையைக் கட்டாமல் வைத்தால் சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பது அதனால்தானே. பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் பாதிக்கு டிரையர் தூளைக் கொட்டி, கேமராவையும் லென்ஸ்களையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி அதற்குள் புதைத்து, மேலேயும் தூளைப் போட்டு மூடினேன். எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா, அதுக்கும் டீ போட்டுக் குடுக்கியா?"

மழைக்காலம். தினமும் டின்னைத் திறப்பேன், வெளியே சாரலைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். அம்மா கேட்கவில்லை. காலையில் படுதாவைக் கட்டிக்கொண்டு வாசலில் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பாள், அவ்வளவுதான். "மழை நிக்கட்டும்மா, கடைசி நாளு நல்லா எடுத்துரலாம்" என்பேன். அந்தக் கடைசி நாளுக்கு என்னிடம் ஒரு காரணமும் இருந்தது. எங்கள் மலையில் ஒரு வழக்கம். பிரிகிறவளின் கடைசி எடையின்போது, கூட வேலை செய்த ஒவ்வொருத்தியும் தன் சாக்கிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி அவள் சாக்கில் போடுவாள். அன்றைக்கு மலையிலேயே அதிக எடை அவளுக்குத்தான் வர வேண்டும். எடை போடுகிறவரும் தெரியாததுபோல் எழுதிக்கொள்வார். அதைவிட நல்ல படம் எது?

அன்று மழை விட்டிருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். தராசை ரோட்டோரத்தில் மாட்டியிருந்தார்கள். அம்மா தலைத்துணியை இறுக்கிக் கட்டி, கத்தரியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சாக்கின் பக்கத்தில் நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். சின்ன லென்ஸ்தான் மாட்டியிருந்தேன். கண்ணை வைத்துப் பார்த்தேன். அம்மா, பெண்கள், தராசு, டிராக்டர் எல்லாம் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. முகம் இன்னும் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நினைப்பு. நீள லென்ஸ் எதற்கு வாங்கினோம் என்று இன்னொரு நினைப்பு.

"ஒரு நிமிசம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனேன்.

சின்ன லென்ஸைக் கழற்றினேன். நீள லென்ஸின் மூடியைத் திறந்தால் விளிம்பெல்லாம் தேயிலைத்தூள். வேட்டித் துணியின் இழை வழியாகப் புகுந்திருக்கிறது. ஊதினேன். ஊதியது திறந்து கிடந்த கேமராவுக்குள்ளேயே போனது. துடைத்தேன், மறுபடி ஊதினேன். அவசரத்தில், மாட்டுவதற்கு அடையாளமாக வைத்த லென்ஸின் புள்ளியும் கேமராவின் புள்ளியும் சேரவில்லை. கடகடவென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொருத்தியாகக் கொழுந்தை அள்ளிப் போடுகிறார்கள். லென்ஸ் 'டக்' என்று உட்கார்ந்து நான் நிமிர்ந்தபோது, கீழே பள்ளத்திலிருந்து மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறி வந்து ரோட்டை மூடிவிட்டது. எங்கள் ஊர் மஞ்சு தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. நீட்டிய கையின் விரல் தெரியாது. அந்த வெள்ளையைப் பார்த்து நாலைந்து முறை அமுக்கினேன்.

விலகியபோது டிராக்டர் கொழுந்தை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அம்மாவின் கத்தரியையும் படுதாவையும் சூப்பர்வைசர் வாங்கிப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"அத்தை, இன்னொரு தடவ போடுங்களேன்" என்றேன் பேச்சியம்மா அத்தையிடம்.

"தாலிய ரெண்டு தடவ கட்டச் சொல்லுவியாடா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், சேலை முந்தியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டே. படுதா இல்லாமல் அவள் சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது.

வீடு காலி செய்யும் முன் வாசலில் நிறுத்தி நிறையப் படம் எடுத்துக் காட்டினேன். "எங்கயோ விருந்துக்குப் போறவ மாதிரி இருக்கேன்" என்றாள். பிறகு, மலையில் எடுத்ததைக் கேட்டாள். வேறு வழியில்லாமல் காட்டினேன். முழுக்க வெள்ளை. அதில் அங்கங்கே மங்கலாகக் கறுப்புப் புள்ளிகள்.

அம்மா கேமராவைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "இந்தா நிக்கால்ல, இது பேச்சி" என்று ஒரு புள்ளியைத் தொட்டாள். "இது ராசாத்தி. இது நான்."

அது ஆளில்லை, உள்ளே ஒட்டிய தேயிலைத்தூள் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு அக்கா இருக்கும் சித்தூருக்கு வந்துவிட்டோம். காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன், பாஸ்போர்ட் சைஸ் படமும் எடுப்பேன். கடைக் கேமராவில் ஒரே லென்ஸ், அதைக் கழற்ற நான் விடுவதில்லை. அந்தப் பழைய கேமராவில், உங்களுக்குச் சிரிப்பு வரும், பூஞ்சை மட்டும் பிடிக்கவே இல்லை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடையில் கூட்டம் இல்லாதபோது எங்கள் எஸ்டேட்டின் பெயரைப் போனில் அடித்துத் தேடுவேன். யார் யாரோ போட்ட படங்கள் வரிசையாக வரும். செடிக்கு நடுவே நிற்கிற பெண்களின் முகத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குவேன், முகம் கட்டம் கட்டமாக உடையும்வரை. இவ்வளவு பேர் எடுத்ததில் ஒருத்தர்கூடவா போட்டிருக்க மாட்டார்? ஒருவேளை நான் தாண்டிப்போன ஒன்றில் அம்மா இருந்திருந்தால்? மறுபடி முதலிலிருந்து பார்ப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பையை மூடி வைத்துவிட்டு, ரசீதையும் மறந்துவிட்டு, அதேபோல் தேடியதில் ஒரு படம் கிடைத்தது. முதுகு காட்டி நிற்கிற ஒருத்தி. தலைத்துணியின் முடிச்சு அம்மா போடுவதுபோலவே இடப்பக்கம் இருந்தது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொண்டுபோனேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நான் இல்ல. எவளோ. கத்தரிய இப்பிடியா பிடிப்பாக?"

போனை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. படத்தின் மூலையில், தூரத்தில், நகம் அளவுக்கு ஏதோ நீலமாக இருந்த இடத்தில் கீரைக் கறை படிந்த விரலை வைத்தாள்.

அந்த லைனைப் போன வருடம் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே டூரிஸ்ட் வண்டிகளை நிறுத்துகிறார்களாம், செல்வம் சொன்னான். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பயந்து அதையும் நான் இதுவரை சொல்லவில்லை.

"இங்கிட்டுப் பாரு" என்றாள். "டயரக் கட்டிப் போட்ட வீடு."

இழுத்துப் பெரிதாக்கினேன். இரண்டு டயரும், கயிறும் தெரிந்தது.

"பொறத்தால பொக கூட வருது பாரு. உள்ளதான்டா இருந்திருக்கேன்."