சின்னக் கியரில் கட்டியிருந்த சிவப்புத் துணி

நடக்காததை நடந்ததாக எழுதிப் பிறரை அச்சுறுத்துவது அயோக்கியத்தனம். அப்படி எழுதுவோர்மீது எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது நடந்தது. என் தங்கை மகனுக்கு நடந்தது. அவன் மருத்துவமனை ஓட்டுநர். பொய் புனையும் அளவுக்குக் கற்பனை வளம் அற்றவன்.

அன்று அவன் இன்னொருவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்தான். வீட்டுக்குக் கிளம்பும் வேளையில், மலைமேலுள்ள கிளை மருத்துவமனையிலிருந்து அவன் அக்காள் கைப்பேசியில் அழைத்தாள்.

"தம்பி, அத்தானுக்கு மூச்சு ரொம்ப வாங்குதுடா. இங்க கடைசி ஆக்சிஜன் சிலிண்டர்தான் ஓடிக்கிட்டிருக்கு. இருட்டுறதுக்குள்ள வேற வந்தாகணுமாம்."

அவனுடைய வழக்கமான வண்டி வெளியூர் போயிருந்தது. கொட்டகையில் ஒரு பழைய ஜீப் மட்டுமே நின்றது. மெக்கானிக் விடுப்பு. சிலிண்டர்களை ஏற்றினான், கம்பவுண்டர் துணைக்கு ஏறிக்கொண்டார். கண்ணாடியில் புழுதி அப்பியிருந்தது. துடைக்கத் துணி தேடினான். பெரிய கியருக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கியரில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதை அவிழ்த்துத் துடைத்துவிட்டுப் பையில் செருகிக்கொண்டான். அந்தக் கொட்டகைக்கு அவன் புதியவன்.

மழை பிடித்துக்கொண்டது. கடைசி ஏற்றத்தில் ஜீப் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் மட்டும் வீணாகச் சுழன்றன.

"ஃபோர் வீல் போடுப்பா," என்றார் கம்பவுண்டர்.

அத்தகைய வண்டியில் பின்சக்கரங்களே வழக்கமாக இழுக்கும். முன்சக்கரங்களும் இழுக்க வேண்டுமானால், அவற்றின் நடுவிலுள்ள குமிழ்களைக் கையால் திருகிவிட்டுச் சின்னக் கியரைப் போட வேண்டும். அப்போது எஞ்சினின் விசை, வண்டிக்கு அடியிலுள்ள ஓர் இரும்புத் தண்டின் வழியே முன்சக்கரங்களுக்குப் போகும்.

இறங்கினான். வலக்குமிழைத் திருகினான். டக். இடக்குமிழைத் திருகினான். டக். ஏறிவந்து சின்னக் கியரைப் போட்டான். அதற்குரிய விளக்கும் எரிந்தது.

முன்சக்கரங்கள் அசையவில்லை.

"கியர் போட்டியா, கும்பிடு போட்டியா?"

"விளக்கு எரியுதே சார்!"

"விளக்கு எரிஞ்சு என்னய்யா பண்றது? வெளிச்சத்துல உக்காந்து சீட்டா ஆடப் போறோம்?"

கியரை எடுத்து மறுபடி போட்டான். வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். குனிந்து அடியில் பார்க்கவும் வழியில்லை. வண்டியின் வயிறுவரை சேறு. சேற்றில் வெள்ளைப்பூப் பூத்த நீளப்புல் வேறு மண்டிக் கிடந்தது.

கைப்பேசி ஒலித்தது. அக்காள்.

"எங்கடா இருக்கே? சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சுடா..."

மீண்டும் இறங்கினான். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வலக்குமிழ் சரியாகத்தான் இருந்தது. களைப்பில் தலையை அப்படியே பானட்டின்மேல் சாய்த்துக்கொண்டான்.

இடப்பக்கத்தில்... டக்.

கம்பவுண்டர் இறங்கி இடக்குமிழைச் சரிபார்க்கிறார் என்று எண்ணினான். பிறகு வண்டியின் பின்புறத்தில் யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். டொம்... டொம். தள்ளுகிறவர்கள் 'போகலாம்' என்பதற்குத் தட்டும் தட்டு.

ஓடிவந்து ஏறினான். கம்பவுண்டர் இருக்கையில் இருந்தார். அவருடைய செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"நீங்க எறங்கலையா சார்?"

"நான் ஏன் எறங்கணும்?"

"அப்ப... பின்னாடி தட்டினது?"

"நீதானே தட்டினே?"

வண்டிக்கு அடியில் இரும்போடு இரும்பு பொருந்தும் ஓசை.

க்ளங்.

முன்சக்கரங்கள் சுழன்றன...

ஜீப் ஏறியது.

சிலிண்டர்கள் உரிய வேளையில் போய்ச் சேர்ந்தன. அத்தான் பிழைத்தார். மறுநாள் காலை ஜீப்பைக் கொட்டகையில் விட்டபோது, விடுப்பு முடிந்து வந்திருந்த மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சின்னக் கியர்ல கட்டியிருந்த துணி எங்க?"

"கண்ணாடி தொடைக்க எடுத்தேண்ணே." பையிலிருந்து நீட்டினான்.

"நல்லா தொடைச்சே போ! இங்க சிவப்புத் துணி கட்டியிருந்தா, ஏதோ பாகம் கழட்டியிருக்கு, அதைத் தொடாதேன்னு அர்த்தம். முன்பக்கத் தண்டைப் போன மாசமே கழட்டி உள்ரூம்ல வெச்சுட்டேன்."

"ஃபோர் வீல்லதாண்ணே ஏறினேன்."

"தண்டு இல்லாமயா? யாருகிட்டடா கதை விடுறே?"

சிரித்துக்கொண்டே அவனை அழைத்துப்போனார். உள்ளறையின் பூட்டைத் தம் இடுப்புச் சாவியால் திறந்தார். அவர் விடுப்பில் போகும்போது பூட்டியது. வேறு சாவி கிடையாது.

தண்டு அலமாரியில்தான் இருந்தது.

அதிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. தண்டின் நடுவில் நீளப்புல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. வேகமாகச் சுழன்ற தண்டில் மட்டுமே அப்படிச் சுற்றும். புல்லில் வெள்ளைப் பூக்கள்.

அவை இன்னும் வாடவில்லை.