ஜமுக்காளத் துறையும் ஒரு கோணல் பலகையும்

சிர்க்கு பகாரினென் ஐம்பத்தேழாவது வயதில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையிலும் 'பயிற்சி ஊழியர்' என்றுதான் போட்டிருந்தது. அவள் ஓட்டிக்கொண்டிருந்த ஊர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கணினியைத் தட்டிப் பார்த்த பெண், 'பசுங்கரை' சங்கத்தில் ஆறு மாதம் இருந்து பாருங்கள் என்று அனுப்பிவைத்தாள். ஏரிகளைக் காப்பது, கிராமங்களில் ஆட்கள் தங்கும்படி ஏதாவது செய்வது என்று வட்டாரம் முழுக்க ஓடியாடும் சங்கம் அது. அங்கே அவளுக்கு மேலதிகாரி இலாரி. முப்பதைத் தொடாத பையன், எதற்கும் உற்சாகம், எப்போதும் பசி.

"முதலாளி உனக்குப் பால் பாட்டில் கொடுத்தாச்சா?" என்று கடையில் பார்த்த ஊர்க்காரி ஹில்க்கா கேட்டாள்.

"நான்தான் அவனுக்குக் கொடுக்கணும்" என்றாள் சிர்க்கு. எங்கள் ஊரான கைஸ்லரந்தாவில் அந்த வாரம் முழுக்கப் பேச்சு என்று நடந்தது அவ்வளவுதான்.

எங்கள் ஊர் அப்படி. கிழக்குப் பின்லாந்தில் ஏரிக்கரையோரம் இருக்கிறோம். வாயைத் திறந்தால் கொசு போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் மாதிரி வாழ்கிறோம். சிர்க்குவின் பஸ்ஸில் ஏறினால் "ம்" என்போம், ஆளுக்கொரு தனி இருக்கையில் உட்காருவோம். இன்னொருவர் பக்கத்தில்தான் இடம் என்றால் நின்றுகொண்டே போவோம். இப்படியே அவள் பாதி ஆயுள் எங்களை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள்.

பஸ்ஸின் கடைசி நாளன்று யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாள். பஸ் வழக்கத்தைவிட நிறைந்திருந்தது. டவுனில் சந்தை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எல்லாரும் "ம்" என்று ஏறினார்கள், இறங்கினார்கள். சாயங்காலம் அதே ஆட்கள் "ம்" என்று ஏறி, வீட்டு வாசலில் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிர்க்கு பஸ்ஸைக் கழுவிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷமும் இவர்களுக்கு நான் வெறும் பிடரிதானா என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அந்தக் காயம் ஆறவே இல்லை.

இந்த நிலையில்தான் ஜமுக்காளத் துறை விவகாரம் வந்தது. ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் ஊர் வீடுகளில் உள்ள கந்தல் துணி ஜமுக்காளம் அத்தனையும் ஏரித்துறைக்கு வந்துவிடும். பைன் சோப்பு போட்டு, முழங்காலில் நின்று தேய்த்து, ஏரியிலேயே அலசுவோம். நுரை ஏரிக்குள் போகும். ஆகஸ்டில் ஏரி பச்சைப் பசேல் என்று நாறும். யார் செய்தது என்று எல்லாரும் அடுத்த ஊரைப் பார்ப்போம். கடைசியில் ஊராட்சி துறையை மூடச் சொல்லிவிட்டது. பசுங்கரை இடையில் புகுந்து ஒரு வழி சொன்னது: கரைமேல் தொட்டி வைத்துத் துவைக்கலாம், அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாக மணல்குழிக்குப் போகட்டும். தொட்டியையும் குழாயையும் ஊராட்சி வைத்துவிட்டது. மரமும் தரும். ஆனால் மேடையும் காயப்போடும் சட்டங்களும் ஊர்க்காரர்கள் கூடிச் செய்ய வேண்டும், ஒரே சனிக்கிழமையில். ஆள் வராவிட்டால் மரம் பக்கத்து லெஹ்தொனியெமிக்குப் போய்விடும். அப்புறம் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு டவுன் சலவைக்கடைக்குத்தான் போக வேண்டும், அதுவும் பஸ் இல்லாமல்.

"உங்க ஊர்ல ஆள் வருமா?" என்று ஊராட்சிக் கூட்டத்தில் கேட்டார்கள்.

இலாரி வாயைத் திறப்பதற்குள் சிர்க்கு, "வருவாங்க. எங்க ஊர்க்காரங்களை எனக்குத் தெரியாதா?" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. பஸ் கண்ணாடியில் தெரிந்த முகங்களைத் தவிர அவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயே சிர்க்கு!

வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஹில்க்கா வானத்தைப் பார்த்து, "மழை எப்படியோ, பாக்கலாம்" என்றாள். படகு கட்டிப் பிழைத்து இப்போது ஓய்ந்திருக்கும் ஔலிஸ், அவளைப் பார்க்காமலே, "பாக்கலாம்" என்று நாய்க்குச் சொன்னார்.

"பாக்கலாம்னா வருவாங்களா, மாட்டாங்களா?" என்று இலாரி கேட்டான். அவன் ஹெல்சிங்கியில் வளர்ந்தவன்.

"பாக்கலாம்னா பாக்கலாம்தான்" என்றாள் சிர்க்கு. அதற்குமேல் அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மரம் ஏற்றிய லாரி துறையில் வந்து நின்றது. அண்டாவில் பட்டாணி சூப் கொதித்தது. ஏலக்காய் பன் ஒரு கூடை நிறைய இருந்தது. கொசுக்கள் திரளாக வந்திருந்தன. மனிதர் ஒருவரையும் காணோம்.

"பத்து வரைக்கும் நிப்பேன். அப்புறம் லெஹ்தொனியெமிக்குத்தான்" என்றான் லாரி டிரைவர், மூன்றாவது பன்னைக் கடித்துக்கொண்டே.

சிர்க்கு மேட்டுத் தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் திரை அசைந்தது. உள்ளே அத்தனை பேரும் வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, சுத்தியலைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதுதான் சிக்கல். கூட்டுவேலைக்கு முதல் ஆளாக வருகிறவனை, சூப்புக்கு அலைகிறான் என்று நினைத்துவிடுவார்களே! அதனால் எதிர்வீடு கிளம்பட்டும் என்று ஒவ்வொரு வீடும் காத்திருந்தது. இப்படி மானம் பார்த்தே மூழ்கிப்போகிற ஜனம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

சிர்க்குவுக்குத் திரைதான் தெரிந்தது, சுத்தியல் தெரியவில்லை. ஒளிந்து நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். உடம்பெல்லாம் கோபம் ஏறியது.

"இலாரி, பலகையைப் பிடி. நாம ரெண்டு பேரே கட்டுவோம்."

"உங்களுக்குத் தச்சு வேலை தெரியுமா?"

"தெரியாது. உனக்கு?"

"எனக்கும் தெரியாது" என்றான் அவன், மகிழ்ச்சியாக. பிடித்தான்.

அவள் அடித்த அடியில் முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது பறந்து ஏரியில் விழுந்தது. மூன்றாவது எப்படியோ இறங்கியது. பலகைதான் சாய்ந்து போயிற்று. அவள் விடவில்லை. டமார் டமார் என்று அந்தச் சத்தம் தண்ணீர்மேல் தவழ்ந்து ஊர் முழுக்கக் கேட்டது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். அந்தக் கோணலை ஜன்னல் வழியாகப் பார்த்த ஔலிஸுக்கு வயிறு எரிந்தது. மானமாவது மண்ணாவது! நாயை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சும்மா நாயைக் காலாற நடக்கக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். பிறகு தாங்க முடியாமல், "ஏம்மா, அது பலகையா, படகுத் துடுப்பா? ஆணிய இப்படியா அடிப்பாங்க?"

"அப்படித்தான் அடிப்பேன். பிடிக்கலைன்னா போய்க்கிட்டே இருங்க."

"கொடு இப்படி." நாயோடு நடக்க வந்தவரின் சட்டைப்பையிலிருந்து அவருடைய சொந்தச் சுத்தியல் வெளியே வந்தது.

ஒரு ஆள் போய்விட்டார் என்று தெரிந்ததும் தெருவில் கதவுகள் படபடவென்று திறந்தன. ஹில்க்கா "சும்மா காத்தாட" ரம்பத்தோடு வந்தாள். பிறகு ஊரே சும்மா வந்தது. ஔலிஸின் வரிசை வளைகிறது என்று ஹில்க்கா சொன்னாள். உன் கண்தான் வளைஞ்சிருக்கு என்று அவர் சொன்னார். லாரி டிரைவர்கூட லெஹ்தொனியெமியை மறந்துவிட்டு மரம் சுமந்தான்.

சிர்க்குவிடமிருந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு அண்டாவுக்கு அனுப்பினார்கள். அவளுக்கு ரோஷம். "ஆரம்பிச்சது நான், இப்ப அகப்பை பிடிக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

"சூப்புல ஆணி அடிக்காம இருந்தா சரி" என்றாள் ஹில்க்கா. ஊரே சிரித்தது. எங்கள் ஊர் சேர்ந்து சிரித்து எத்தனையோ காலம் ஆயிற்று. சிர்க்குவும் சிரித்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் மேடை முடிந்தது, சட்டங்கள் நின்றன. முதல் பலகையை மட்டும் பிடுங்க முடியவில்லை. அவள் அடித்த ஆணி அப்படி முறுக்கிக்கொண்டிருந்தது. திட்டிக்கொண்டே அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு ஔலிஸ் மட்டும் காப்பியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு சிர்க்கு உட்கார்ந்தாள்.

"வரமாட்டீங்கன்னே நினைச்சேன்" என்றாள்.

"ஏன் வரமாட்டோம்? அன்னிக்கும் வந்தோம்ல?"

"என்னிக்கு?"

"உன் பஸ்ஸு கடைசியா ஓடுனன்னிக்கு."

"அன்னிக்கு டவுன்ல சந்தை."

"சந்தையாவது!" ஔலிஸ் காப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு டவுன்ல என்ன வேலை? பகல் பூரா பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். ஹில்க்காவும் உக்காந்திருந்தா, வேற பெஞ்சுல. ஊர்ல பாதிப் பேர் அங்கதான் இருந்தோம். சாயங்காலம் நீ திருப்பி வர்ற வரைக்கும்."

சிர்க்கு அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

ஔலிஸ் உண்மையாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "அதான் டிக்கெட் வாங்குனோமே!"

அவள் அழுதாள். சிரிப்பும் சேர்ந்து வந்ததால் அழுகை நன்றாக வரவில்லை. பார்க்கச் சகிக்காமல் அவர் எழுந்து நாயை அவிழ்த்தார்.

"நாளைக்குத் துவைக்க வருவீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் சிர்க்கு தன் ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனாள். ஔலிஸ் அவளுக்கு முன்பே வந்து துவைத்துவிட்டுப் போயிருந்தார். நீளச் சட்டத்தின் ஓரத்தில் அவருடைய சாம்பல் நிற ஜமுக்காளம் ஒன்றே ஒன்று தண்ணீர் சொட்டத் தொங்கியது. கோணல் பலகை நனைந்து மின்னியது. சிர்க்கு சோப்பு போட்டுத் தேய்த்தாள், அலசினாள், பிழிந்தாள். சட்டம் முழுக்கக் காலியாகக் கிடந்தும், தன் ஜமுக்காளத்தை இடம் விடாமல் அவருடையதற்குப் பக்கத்திலேயே காயப்போட்டாள்.