நிறுத்தி வைத்த படகு

என் வலது காலுக்குள் ஒரு தகடும் ஆறு ஆணிகளும் இருக்கின்றன. அதைப் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் பெட்டியும் தோடம்பழமும் கொண்டுவருவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போடுவார்கள். பிறகு என் அக்காவை ஏசத் தொடங்குவார்கள்.

"அவள் ஒரு பத்து நிமிசம் முந்தி வெளிக்கிட்டிருந்தா இவனுக்கு ஏன் இந்தக் கதி?"

அக்கா அப்போது குசினியில் நிற்பாள். வலது கை கழுத்திலிருந்து தொங்கும் துணிக்குள் கிடக்கும். இடது கையால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, தன்னை ஏசியவர்களுக்கே கொடுப்பாள். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

எங்கள் வீடு புளியங்கூடலில். அக்கா நெடுந்தீவில் படிப்பிக்கிறாள். காலையில் குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் படகு ஏற வேண்டும். பஸ்ஸை நம்ப ஏலாது என்று நான்தான் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவேன். கனடாவில் இருக்கும் மாமா காசு அனுப்பி வாங்கித் தந்த சைக்கிள். வாங்கிய கிழமையே சைலென்சருக்குள் இருந்ததைக் கழற்றி எறிந்தேன். நான் வருவது வேலணைச் சந்திக்குக் கேட்கும். "இவன் ஏத்தினா படகு தப்பாது" என்று ஊரே சொல்லும். பிந்திப்போன ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், ஒருமுறை ஒரு மருத்துவிச்சி, எல்லோரும் என் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்து போனவர்கள்தான். இறங்கியதும் "கெட்டிக்காரன்" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நான் நாய்க்குட்டி மாதிரி வாலாட்டினேன். நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று உயர்தரப் பௌதிகவியலில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். படித்தது எந்த மூலையில் கிடந்ததோ.

படகு ஒருவருக்கும் நிற்காது என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். நிற்கும். பிந்துகிறவர் ஏற்கெனவே படகில் இருக்கும் ஒருவருக்கு அழைப்பு எடுப்பார். அவர் போய் ஓட்டியிடம் கெஞ்சுவார். ஓட்டி புறுபுறுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்காமல் வைத்திருப்பார். படகில் இருப்பவர்கள் பிந்தி வந்தவரை வாய்க்கு வந்தபடி பேசுவார்கள், பிறகு தள்ளியிருந்து இடம் கொடுப்பார்கள். தீவில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் என் பொய்யை ஊர் நம்பியது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விபத்து நடந்த அன்றைக்கு அக்கா பிந்தியது உண்மை. சேலையோடு ஒரு பக்கமாக இருந்து, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையால் இருக்கையின் பின்கம்பி. புங்குடுதீவுக்குக் கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வீதியில் ஏறும்போது அவளுடைய தொலைபேசி அடித்தது. பையை மடியில் வைத்து, தன்னோடு படிப்பிக்கும் டீச்சரோடு கதைத்தாள். பிறகு என் காதுக்குள் கத்தினாள்:

"டேய், டீச்சர் படகை நிப்பாட்டி வைச்சிருக்கிறா. ஆறுதலாப் போ!"

எனக்கு நன்றாகவே கேட்டது. தலையாட்டினேன். வேகத்தைக் குறைக்கவும் செய்தேன். இரண்டு பக்கமும் கடல், காற்று விலாவில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது இரண்டு பெடியள் ஒரு மோட்டார் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் இருந்தவன் திரும்பிப் பார்த்து விரலை மடக்கி 'வா' என்றான்.

அவ்வளவுதான். படகு இல்லை, நேரம் இல்லை, அவசரம் ஒன்றுமே இல்லை. ஒருவன் விரலை மடக்கினான், நான் கைபிடியை முறுக்கினேன். அக்கா என் முதுகில் இரண்டு முறை அடித்தாள். அதுவும் தெரிந்தது. தாம்போதி முடிந்து வளையும் இடத்தில் மணல் கிடக்கும் என்பது எனக்கு என் வீட்டுப் படலை மாதிரித் தெரியும். முன்சில்லு அதில்தான் வழுக்கியது.

கரையில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். என்னைத் தூக்கவில்லை, முதலில் அக்காவைத்தான் தூக்கினார். பிறகு என்னிடம் வந்து சொன்னார்:

"தம்பி, நீர் ஆரைக் கலைச்சுக்கொண்டு வந்தனீர்? அவங்கள் திரும்பியும் பாக்கேல்லை."

ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்துத் தள்ளுகட்டிலில் நாங்கள் கிடந்தபோது அம்மா அழுதுகொண்டு வந்து ஏனடா இவ்வளவு வேகம் என்று கேட்டா. "படகுக்குப் பிந்திப் போச்சு" என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளுடைய தோள்மூட்டு நொறுங்கியிருந்தது. கை இனிக் காதளவுக்கு மேல் எழும்பாது என்று டொக்டர் சொன்னார். கரும்பலகையின் மேல் வரியில் அவளால் எழுத ஏலாது. இதைச் சொன்ன அன்றைக்குத்தான் என் கூட்டாளி ஒருவன் வந்தான்.

"மச்சான், சைக்கிளைச் செய்து வைச்சிட்டம். கால் எப்ப சரிவரும்? உள்ளுக்க இரும்பு வைச்சபடியா இனி உனக்கு இன்னும் பிடிமானம்!"

முன்பென்றால் சிரித்திருப்பேன். ஊன்றுகோலை எடுத்து அவனைக் கலைத்தேன். அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனான்.

போன கிழமை பின்னேரம் மாமா அழைத்தார். அம்மா தொலைபேசியைக் கட்டிலில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டா.

"மருமோன், கவலைப்படாதை. உனக்குப் புதுசு ஒண்டு எடுத்துத் தாறன். ஆனா அவளை இனி ஏத்தாதை. நேரம் தெரியாத பிள்ளை. அவளாலதானே எல்லாம்."

"அவளால இல்லை!"

நான் கத்தியதில் அம்மா பயந்துபோனா. "விசரே உனக்கு? மாமாவோட இப்பிடியே கதைக்கிறது?"

"படகு எங்களுக்காக நிண்டதம்மா. அக்கா எனக்குச் சொன்னவள். ஆறுதலாப் போ எண்டு சொன்னவள். முதுகில அடிச்சவள். நான் ரெண்டு பெடியளோட ஓட்டத்துக்கு ஓடினனான். நான் சொன்னது பொய்."

தொலைபேசிக்குள் மாமா "ஹலோ, ஹலோ" என்றார். அக்கா குசினி வாசலில் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுடைய முகத்தில் கோபம்தான் இருந்தது. என்னுடையதை விடப் பழைய கோபம்.

"ஆறு கிழமை" என்றாள். "நீயா எப்ப வாய் திறப்பாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"நீ சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றா அம்மா.

"நான் சொல்லியிருந்தா? காலுடைஞ்சு கிடக்கிற தம்பியில பழி போடுறாள் எண்டு இதே வாயளாலதானே சொல்லியிருப்பியள்?"

மாமா அங்கே வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். புதுச் சைக்கிள் பற்றிப் பிறகு பேச்சில்லை. பேசினாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. முறுக்க மட்டும்தான் தெரியும்.

அக்கா தன் தொலைபேசியை இடது கையால் அமத்தி என்னிடம் நீட்டினாள். படகை நிறுத்தி வைத்த அந்த டீச்சரின் இலக்கம்.

"இவவுக்கும் நீயே சொல்லு. எனக்கு முன்னால."

சொன்னேன். மறுமுனையில் காற்றுச் சத்தம் கேட்டது. படகில்தான் இருந்தா போலும்.

"எனக்குத் தெரியும் தம்பி. நான்தானே எடுத்துச் சொன்னனான். கால் மணித்தியாலம் நிண்டம். உம்மட அக்காவை அண்டைக்குப் படகில எல்லாரும் ஏசினவை. நீங்கள் விழுந்த செய்தி வந்தபிறகுதான் ஏச்சை விட்டவை. நடந்ததை அண்டைக்குப் படகில இருந்தவைக்கு நான் சொல்லவோ, நீர் வந்து சொல்லுறீரோ?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வாறன் டீச்சர்" என்றேன். "பஸ்ஸில."