மாடுகளுக்குக் கொண்டுபோன பொங்கல்

"படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று ஸ்காபரோவில் பிள்ளை வளர்த்த பலரையும் போல நானும் என் மகளைப் பேசியிருக்கிறேன். அவள் நன்றாகப் படித்தாள். மிருக வைத்தியராகி, விமானத்தில் போகும் தூரத்தில், சஸ்கச்சுவான் சமவெளியில் ஒரு மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்டில் அவளுடைய அறை அப்படியே இருக்கிறது. ஓர் இஸ்திரிப் பலகையைக்கூட அங்கே வைக்க மனைவி விடுவதில்லை.

சில வருடங்களாகப் பொங்கலுக்கு மகள் வரவில்லை. இந்தத் தையில் நானே புறப்பட்டேன். அவளைத் திரும்பி வரச் சொல்லத்தான் போனேன். எங்கள் பக்கத்தில் நாய் பூனை பார்க்கும் கிளினிக் ஒன்றுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று விசாரித்தும் வைத்திருந்தேன். மனைவிக்கு முழங்கால் வருத்தம், பயணம் செய்ய முடியாது. பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, குங்குமச் சிமிழ் எல்லாம் கட்டித் தந்து, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

போய் இறங்கிய மறுநாள் பட்டிப்பொங்கல். மாடு இருக்கும் இடத்தில் மாட்டுக்குப் பொங்காமல் விடலாமா? காலையில் மகளின் சின்னச் சமையலறையில் பொங்கி, பானையையும் சிமிழையும் எடுத்துக்கொண்டு அவளுடைய பிக்கப்பில் ஏறினேன். அவள் சிரித்தாள்.

"அப்பா, உதுகள் கிட்ட வராது. ஆக்கள் தொட்டுப் பழக்கமில்லை."

"பொங்கலைக் கண்டா வரும்."

வரவில்லை. மைனஸ் முப்பதில் பானையை நீட்டிக்கொண்டு நான் ஓரடி வைத்தால் அவை பத்தடி பின்வாங்கின. எல்லாம் கறுத்த மாடுகள். முதுகில் விழுந்த பனி உருகாமலே கிடந்தது, கண்ணிமை முழுக்க வெள்ளை. பொங்கல் பானையிலேயே இறுகிவிட்டது. எனக்கு ரோஷம் வந்தது. "தின்னாட்டி விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பிக்கப்புக்குள் ஏறி ஹீட்டரைக் கூட்டினேன்.

வைத்தியம் மட்டுமல்ல, தீனி போடுவதும் அங்கே மகளின் வேலைதான். அவள் ட்ராக்டரை எடுத்தாள். அதன் சத்தம் கேட்டதும் எங்கோ தூரத்தில் நின்ற மாடுகளெல்லாம் ஓடி வந்தன. சினை மாடுகள்கூட வயிற்றை ஆட்டிக்கொண்டு ஓடின. பெரிய உருளையாகச் சுருட்டியிருந்த உலர்ந்த புல்லைப் பாய் விரிப்பதுபோல அவள் பனிமேல் விரித்துக்கொண்டே போனாள். பின்னால் மாடுகள் வரிசையாகக் குனிந்து தின்றன. அவள் இறங்கி, ஒவ்வொரு மாடாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுப்பது வாயிலிருந்து வந்த புகையில் தெரிந்தது. வீட்டில் அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை.

வந்து என் பானையை வாங்கி, பொங்கலைத் தட்டிப் புல்லின்மேல் கொட்டினாள். "கொஞ்சம் எண்டா பறவாயில்லை." ஒரு மாடு மணந்து பார்த்துவிட்டுத் தின்றது.

"உனக்கு லீவு ஒண்டும் கிடைக்காதோ, பிள்ளை?" என்றேன்.

"இந்தக் குளிருக்க ஒரு நாளும் விடேலாது அப்பா. நான் வாற சத்தம் கேக்குமெண்டு பாத்துக்கொண்டு நிக்குங்கள்."

"ஓம்" என்றேன். கிளினிக் கதையை விழுங்கிவிட்டேன். அந்த மாடுகளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அவற்றிடம் அவள் ஒவ்வொரு நாளும் வருகிறாள்.