இல்லாத பட்டனுக்குக் கேட்ட மன்னிப்பு

கந்தவேல் பிறந்தபோது மற்றக் குழந்தைகளைப் போல வீறிட்டு அழவில்லையாம். முதலில் ஒரு தடவை இருமி, எல்லோருக்கும் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று சுற்றுமுற்றும் பார்த்து, அதற்குப் பிறகுதான் மெதுவாக அழுதாராம். பிரசவம் பார்த்த மருத்துவச்சி சொன்னது இது. அவள் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. உண்மை சொல்லியும் அதிகம் கேட்டதில்லை.

வளர்ந்த பிறகும் அந்தச் சுபாவம் போகவில்லை. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால், "காலை நீட்டிப்போட்டனுங்க, மன்னிச்சுக்குங்க" என்று மிதித்தவரிடமே சொல்வார். ஒருமுறை பெருமாநல்லூர் நால்ரோட்டில் ஓர் எருமை அவருடைய மொபெட்டை முட்டித் தள்ளியது. விழுந்த இடத்திலிருந்தே அவர் கேட்ட மன்னிப்பில் அந்த எருமை கூசிப்போய், மூன்று நாள் ரோட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, கடிதம் எழுதுவது. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை, இருபத்திரண்டு தையல் மெசின், ஒரு கட்டிங் மேசை, வாரத்தில் பாதி நாள் மின்வெட்டுக்கு ஈடுகொடுத்து உறுமும் ஒரு ஜெனரேட்டர். இவ்வளவுதான் 'நஞ்சம்மாள் நிட்ஸ்'. முதலாளி லிங்கசாமி தோட்டத்தில் பாதியை விற்றுக் கம்பெனி ஆரம்பித்து, அம்மா பெயரை வைத்தார். அங்கே தைப்பது ஒரே ஒரு சாமான்: பிறந்த குழந்தைக்குப் போடுகிற ஜப்லா. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, இடுப்போரம் நாடாவில் முடிச்சுப் போடுகிற மாதிரி.

கந்தவேல் பதினாலு வயதில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவர். பீஸ் மடிப்பது, செக்கிங், சூப்பர்வைசர் என்று ஏறி, நாலு கம்பெனி மூடுவதைப் பார்த்து, ஐந்தாவதாக இங்கே வந்து சேர்ந்தார். பாதிரிமார் பள்ளியில் பத்தாவது வரை படித்ததில் இங்கிலீஷ் கடிதம் எழுத வரும். கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று அதன் அருகே போக எல்லோரும் பயந்தார்கள். இவர் அதனிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

திருப்பூர் டவுனில் வெப்சைட் செய்து கொடுக்கிற கவின், கம்பெனிக்கும் ஒன்று செய்து கொடுத்தார். இலவசமாக எந்தெந்த வியாபாரப் பட்டியலில் பெயர் போடலாமோ, அங்கெல்லாம் கந்தவேல் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் போட்டு வைத்தார். ஒரே வருடத்தில், உலகத்தின் எந்த மூலையில் யார் உட்கார்ந்து திருப்பூர் என்றும் குழந்தைத் துணி என்றும் தேடினாலும் முதலில் நஞ்சம்மாள் வந்து நின்றாள். ஏஜெண்ட் கிடையாது, கமிஷன் கிடையாது. மூன்று கடை, ஐந்து கடை வைத்திருக்கிற சின்ன ஆட்கள் தாங்களே தேடி வந்தார்கள். முப்பத்தைந்து பேர் அடுப்பு அதில்தான் எரிந்தது.

அது 2009ஆம் வருடம். வெளிநாட்டில் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. திருப்பூரில் கொட்டகைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நஞ்சம்மாள் நிட்ஸுக்குக் கையில் இருந்த நம்பிக்கை ஒன்றே ஒன்று. டென்மார்க்கில் ஐந்து கடை வைத்திருந்த பிர்கிட் என்கிற அம்மாள் சாம்பிள் பார்த்துப் பிடித்துப்போய், பன்னிரண்டாயிரம் பீஸ் கேட்டிருந்தார். ஆர்டரில் கையெழுத்திட்டு அனுப்புவதுதான் பாக்கி.

"இது வந்தா ஓட்டறமுங்க, கந்தவேலு" என்றார் லிங்கசாமி. "வல்லீன்னா ஷெட்டைப் பனியன் வேஸ்ட் குடோனுக்கு வாடகைக்கு வுட்டர்றமுங்க. என்ற ஒடம்புலயும் தெம்பு இல்லீங்க."

கந்தவேலுக்கும் தெம்பு இல்லை. ஐம்பத்தொரு வயதில் ஆறாவது கம்பெனி வாசலில் போய் நின்று முதலிலிருந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பிப்பதை நினைத்தாலே முழங்கால் வலித்தது.

ஆர்டருக்குப் பதிலாக ஒரு மெயில் வந்தது. "உங்கள் பெயரை நெட்டில் தேடிப் பார்த்தேன். முதலில் வந்தது உங்கள் வெப்சைட் அல்ல, உங்களைப் பற்றிய புகார்ப் பக்கம். புகார்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் எதையும் எழுதலாம். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்களே! ஆர்டரை நிறுத்தி வைக்கிறேன்."

கந்தவேலுக்கு அந்தப் பக்கம் நன்றாகவே தெரியும். ஏமாந்துபோன வாடிக்கையாளர்கள் குறை சொல்வதற்கென்று யாரோ நடத்தும் வெளிநாட்டு வெப்சைட் அது. மூன்று மாதத்துக்கு முன்னால் அதில் ஹாலந்திலிருந்து மார்ட்டின் என்று ஒருவர், நஞ்சம்மாள் நிட்ஸ் துணியில் சாயம் போகிறது என்று எழுதினார். அப்படி ஒரு வாடிக்கையாளர் இருந்த ஞாபகம் கந்தவேலுக்கு இல்லை. இருந்தாலும், பாவம், எந்தக் கடையில் வாங்கினாரோ என்று முறைப்படி பதில் எழுதினார். அடுத்த வாரம் இன்னொருவர், அதற்கடுத்த வாரம் இன்னொருவர். பதினோராவது ஆள், பட்டன் கழன்று விழுந்து குழந்தை வாயில் போட்டுக்கொண்டது என்று எழுதியிருந்தார். அன்றைக்குக் கந்தவேல் மத்தியானச் சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதி, குழந்தையின் நலம் அறிய ஆவல் என்று முடித்தார்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு கவினிடம் போனார். கவின் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் கோணியது.

"ஏனுங்கண்ணா, ஒவ்வொரு பதில்லயும் கம்பெனி பேரை எத்தனை தடவை போட்டிருக்கீங்க?"

"மேல ஒருக்கா, கீழ ஒருக்கா, நடுவுல ரெண்டு மூணு வாட்டிங்க. அப்பறம் அட்ரஸ், போன் நம்பர். லெட்டர்னா அப்படித்தானுங்களே?"

"பதினோரு லெட்டருங்க! நம்ம சைட்டுல இருக்கறதை விட இங்கதான் உங்க பேரு அதிகமா இருக்குது. வாராவாரம் புதுசாவும் வேற எழுதியிருக்கீங்க. தேடற மெசினுக்கு என்னங்க தெரியும்? இதுதான் உங்க ஊடுன்னு நெனச்சுக்கிச்சு."

"அழிச்சுப்போடலாமுங்களா?"

"முடியாதுங்க. எடுக்கோணும்னா சைட்டுக்காரங்க காசு கேப்பாங்க. குடுத்தா நாளைக்கே வேற பேர்ல நாலு புகார் வரும். நீங்க இனி அங்க ஒரு எழுத்துக்கூட எழுதாதீங்க. மன்னிப்பும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். எழுத எழுத அது மேலதான் போகும்."

"பதில் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்குமுங்களா?" என்றார் கந்தவேல்.

கவின் டீ சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் கந்தவேல் புகார்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செக்கிங் மேசைக்கு வந்தார். எந்த லாட்டில் கோளாறு என்று கண்டுபிடித்தாலாவது பிர்கிட் அம்மாளுக்கு விளக்கம் எழுதலாம். செக்கிங்கில் மூத்தவர் பாண்டியம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்; ஏழு வருடமாகத் திருப்பூர்த் தண்ணீர் குடித்தும் பேச்சில் ஒரு 'ங்க' ஒட்டவில்லை.

"பாண்டியம்மா, பட்டன் கழண்டுது எந்த லாட்டுன்னு பாக்கோணுமுங்க."

"எந்தப் பட்டன் சார்?"

"ஜப்லாப் பட்டனுங்க."

பாண்டியம்மாள் கையிலிருந்த பீஸைக் கீழே வைத்தார். "நம்ம என்னைக்கு சார் பட்டன் வச்சோம்? ஏழு வருசமா நாடாவத் தவிர வேற எதையும் இந்தக் கையி தொட்டதில்லயே."

கந்தவேல் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். தெரியாததா அவருக்கு? நஞ்சம்மாள் நிட்ஸில் பட்டன் வைக்கிற மெசினே கிடையாது. ஆனால் தப்பு என்று யாராவது சொன்ன உடனே அவருடைய வாய் முந்திக்கொண்டு ஓடிவிடும். புத்தி மூச்சு வாங்கப் பின்னால் வரும். இந்தத் தடவை அது வந்து சேர மூன்று வாரம் ஆகியிருந்தது.

"இல்லாத பட்டனுக்கே ரெண்டு பக்கம் மன்னிப்பா? இருந்திருந்தா எம்புட்டு சார் எழுதியிருப்பீக?" என்றார் பாண்டியம்மாள். மேசை முழுக்கச் சிரித்தது. மெசினில் இருந்த வடக்கத்திப் பையன்கள் ஒன்றும் புரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பாண்டியம்மாளே கேட்டார்: "பட்டன் கழண்டு, சாயம் போயி, ஒரு லாரி சரக்கு திரும்பி வந்துச்சே, அது யாருக்கு?"

மூன்றாவது சந்தில் இருக்கிற பிரபாகருக்கு. பட்டன் வைத்த குழந்தைச் சட்டை தைக்கிறவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். ஐப்பசியில் அவருடைய அட்டைப்பெட்டிகள் திரும்பி வந்து இறங்கியதைத் தொழிற்பேட்டையே வேடிக்கை பார்த்தது. தனக்கு வந்த புகார்களை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி நஞ்சம்மாள் தலையில் கட்டியிருக்கிறார்.

"பொய் சொல்லக்கூட ஒக்காந்து யோசிக்க வணங்கல பாத்தீகளா அந்த மனுசனுக்கு" என்றார் பாண்டியம்மாள்.

சாயங்காலம் பேக்கரியில் பிரபாகர் நின்றிருந்தார். கந்தவேலைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணா. மொகமே வாடிக் கெடக்குது? ஊட்டுல எல்லாஞ் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க."

"நெட்டுல உங்க பேரு மேல மேல போயிட்டிருக்குதாமா! கேட்டு சந்தோசமுங்க."

"எல்லாம் உங்க புண்ணியமுங்க" என்றார் கந்தவேல். பிரபாகர் தேங்காய் பன்னை மெல்லுவதை நிறுத்தினார். "ஏனுங்க, நீங்க பட்டன் எந்தக் கடையில வாங்கறீங்க?"

"எதுக்குங்க?"

"மன்னிப்பெல்லாங் கேட்டு முடிச்சாச்சுங்க. பட்டன் மட்டுந்தான் இன்னும் வாங்கலீங்க."

பிரபாகர் சிரித்தார். நெட்டில் யார் யார் என்ன எழுதுகிறார்கள் என்று நமக்கென்ன தெரியும் என்றார். இரண்டு டீக்கும் தானே காசு கொடுத்துவிட்டுப் போனார். அந்த மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நாங்கள் இதுவரை ஒரு பட்டன்கூட வைத்ததில்லை என்று கந்தவேல் டென்மார்க்குக்கு எழுதினார். ஒற்றை வரியில் பதில் வந்தது: "அப்படியானால் ஏன் மன்னிப்புக் கேட்டீர்கள்?"

அந்த ஒரு வரி முன்னால் அவர் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தொரு வருடத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் எல்லோரும். மூன்றாம் நாள் இப்படி எழுதினார்:

"அம்மா, பதினாலு வயதில் வேலைக்கு வந்தேன். துணியில் ஓட்டை விழுந்தால் நூல்காரர் தப்பா, மெசின்காரர் தப்பா, சாயக்காரர் தப்பா என்று விசாரித்து முடிப்பதற்குள் லாரி போய்விடும். யாராவது ஒருவர் என் தப்பு என்று சொல்லிவிட்டால் வேலை நடக்கும். பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான். அது பழகிவிட்டது. எங்கள் துணியில் தப்பு இல்லை, என் பழக்கத்தில் இருக்கிறது. இதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை."

கவின் சொன்னபடி, கம்பெனி வெப்சைட்டில் ஒரு புதுப் பக்கம் ஏறியது. நாங்கள் தைப்பது நாடா வைத்த ஜப்லா மட்டும், பட்டன் வைத்ததே இல்லை என்று பெரிய எழுத்தில், படத்தோடு. பழைய வாடிக்கையாளர்கள் முப்பத்தெட்டுப் பேருக்குக் கந்தவேல் எழுதினார்: உங்கள் கடையின் வெப்சைட்டில் எங்களைப் பற்றி ஒரு வரி போட்டு, எங்கள் பக்கத்துக்கு வழி காட்ட முடியுமா? உதவி கேட்பதென்றால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். அந்த மாதம் கம்பெனித் தொட்டியே வற்றிவிட்டது. ஒன்பது பேர் எழுதினார்கள். நாலு மாதத்தில் புகார்ப் பக்கம் முதல் இடத்திலிருந்து மெள்ள மெள்ள இறங்கி ஐந்தாம் இடத்துக்கு வந்தது. அதற்குமேல் இறங்க மறுத்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

பிர்கிட் அம்மாள் பத்துப் பீஸ் வரவழைத்து, நாற்பது தடவை துவைத்துப் பார்த்தார். பிறகு ஆர்டர் போட்டார். பன்னிரண்டாயிரம் இல்லை, ஐந்தாயிரம். கொட்டகையை மூடாமல் இருக்க அது போதும். டீசல் செலவை யோசிக்காமல் ஜெனரேட்டரைப் போடுவதற்குத்தான் போதாது.

அடுத்த சீசனில் அவரிடமிருந்து இன்னொரு மெயில் வந்தது. நாடா ஜப்லா ஐந்தாயிரம். கூடவே புது டிசைனில் இன்னும் ஐந்தாயிரம், முன்னால் மூன்று பட்டன் வைத்து. லிங்கசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வெச்சுக் குடுத்துடலாமுங்க! ஒரு மெசின் வாங்கோணும், அவ்வளவுதானுங்களே?"

"ஒத்தைப் பட்டன் வெச்சாப் போதுமுங்க, அந்தப் பதினோரு பேரு சொன்னதும் நெசமாயிரும்" என்றார் கந்தவேல். "வெச்சதே இல்லைன்னுதானுங்க ஊரு பூராவும் சொல்லி வெச்சிருக்கறோம்."

லிங்கசாமி திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நீங்களே எழுதீருங்க. எனக்கு அப்படியெல்லாம் எழுத வராதுங்க."

கந்தவேல் தட்டினார்: "முடியாது. நாங்கள் பட்டன் வைப்பதில்லை." அதற்கப்புறம் அவர் விரல் தானாகவே 'வருந்துகிறோம்' என்று எழுதப் போனதாம். வலது கையை இடது கையால் பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இடது கையாலேயே மெயிலை அனுப்பினாராம். கதவோரம் நின்று பார்த்ததாகப் பாண்டியம்மாள் தொழிற்பேட்டை முழுக்கச் சொன்னார்.

மறுநாள் பதில் வந்தது. "சரி. நாடா ஐந்தாயிரம் மட்டும்." பட்டன் வைத்த ஐந்தாயிரம் மூன்றாவது சந்துக்குத்தான் போகும் என்று கந்தவேலுக்குத் தெரியும். லிங்கசாமிக்கும் தெரியும்.

இப்போது திங்கட்கிழமை தோறும் வேலைக்கு வந்ததும் கந்தவேல் செய்கிற முதல் காரியம், கம்பெனிப் பெயரைத் தேடிப் பார்ப்பது. போன திங்கட்கிழமையும் பார்த்தார். நஞ்சம்மாள் முதலில் நின்றாள். புகார்ப் பக்கம் ஐந்தாவதாக அதே இடத்தில் இருந்தது. அவருடைய பதினோரு மன்னிப்புகளும் ஓர் எழுத்துக்கூட மங்காமல், கம்பெனிப் பெயர், முகவரி, போன் நம்பர் சகிதம் அங்கேயே இருந்தன. அவற்றுக்குக் கீழே பன்னிரண்டாவதாக யாரோ புதிதாக எழுதியிருந்தார்.

ஜப்லாவில் ஜிப் அறுந்துபோனதாம்.

கந்தவேல் அதை இரண்டு தடவை படித்தார். பக்கத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.