அன்பரசன் மூடாமல் போன லேப்டாப்

அமிர்தவள்ளி சின்னக் கல்லுரலில் மிளகாயும் பூண்டும் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். தெறிக்காமலிருக்க இடது உள்ளங்கையால் உரலின் வாயை மறைத்திருந்தாள். விரலிடுக்கெல்லாம் எரிந்தது. அதற்காக நிறுத்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சர்தார் பாஷாவின் குரல் வந்தது. தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததில் வாய் நீண்டுவிட்டது.

"இன்னாக்கா, மிக்ஸிய அடகு வச்சுட்டியா? தினம் லொட்டு லொட்டுனு ஒரே பேஜாரா இருக்குது."

"பிளக்கு காலியில்ல பாய்."

"இன்னும் அந்த லேப்டாப்பா?"

"ஆமா."



ஆம்பூரில் அந்த வாடகை வீட்டில் உருப்படியான பிளக் ஒன்றுதான். மிக்ஸியும் அதில்தான், இஸ்திரிப் பெட்டியும் அதில்தான். ஷூ கம்பெனியில் அளவு வரையும் பேட்டர்ன் பிரிவில் இருந்த அவள் மகன் அன்பரசன், ஊரடங்கு வந்ததும் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆரம்பித்தான். சமையலுக்கு அரைக்க வேண்டுமென்றால் அவனிடம் அனுமதி கேட்க வேண்டும். "அரைச்சுட்டு உடனே திருப்பி மாட்டிடணும்மா" என்பான்.

அந்த மேசையிலிருந்துதான் ஆம்புலன்ஸில் ஏறினான். மறுநாள் வார்டிலிருந்து போன் செய்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "லேப்டாப்ப மூடாம வந்துட்டேன். வயர புடுங்கிடாத. பேட்டரி ரொம்ப நேரம் நிக்காது. நான் வந்து மூடிக்கிறேன்."

அவன் பேசியதில் அதுதான் கடைசி.

அன்றிலிருந்து வயர் பிளக்கிலேயே இருந்தது. திரை தானாக இருண்டு போயிருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. டிரிப்ஸ் சொட்டுகிறதா என்று பார்ப்பதுபோல அமிர்தவள்ளி போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டாள். கரண்ட் போனால் வந்து சேரும்வரை மேசை பக்கத்திலேயே நின்றாள்.

அவள் அழுது புலம்புகிற ரகமில்லை. புருஷன் செத்தபோது மகனுக்கு ஐந்து வயது. பாகாயத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, பிறகு வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆஸ்பத்திரி, வீடு என்று மாறி மாறி வேலை செய்து அவனைப் படிக்க வைத்தாள். பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். நினைவு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. உயிர் போன பிறகும் அமிர்தவள்ளி அதை விடவில்லை. "கண்ண மூடறேன் ஐயா." "தாடைய கட்டறேன்மா." "இந்தப் பக்கம் திருப்பறேன்." வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, கைகளை நெஞ்சில் வைத்து, சூடு இறங்கும்வரை கூடவே உட்கார்ந்திருப்பாள். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

பெற்ற மகனுக்குச் செய்ய முடியவில்லை. தொற்றுக் காலம். யாரையும் பக்கத்தில் விடவில்லை. இடுகாட்டில் தூரத்தில் கயிறு கட்டி நிற்க வைத்தார்கள். முழு உடையும் கண்ணாடியும் போட்ட நால்வர் ஜிப் போட்ட பையைக் குழியில் இறக்கினார்கள். யார் மேலும் குற்றமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கண்ணை யார் மூடினார்கள், மூடினார்களா என்பது தெரியாது. அது மட்டும் அவளுக்குள் கிடந்து அறுத்தது.

அவள் இடித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் கோபி போன் செய்தான்; ஸ்பீக்கரில் போட்டாள். அன்பரசனோடு ஒரே பிரிவில் வேலை பார்ப்பவன்.

"அம்மா, கம்பெனி தொறந்துட்டாங்க. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அந்த லேப்டாப்ப..."

"எடுத்துக்கப்பா. கம்பெனிதுதானே."

"நாளைக்குக் காலைல வர்றேன். வேற ஆளுக்குக் குடுக்கணும்னு எல்லாத்தையும் அழிச்சிருவாங்க. அதுக்குள்ள அன்பு செஞ்ச சைஸ் ஷீட்ட மட்டும் நான் எடுத்துடணும். சேவ் பண்ணானான்னு தெரியல. நீங்க எதையும் தொடாதீங்க. நானே வந்து மூடிக்கிறேன்."

அந்த வார்த்தை அவளை நிறுத்தியது. உரலிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"வேணாம். நான் மூடறேன். நீ எப்படின்னு சொல்லு."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்..."

"சொல்லுடா."

ஸ்பீக்கரில் பேச்சு சுவரைத் தாண்டியிருந்தது. சர்தார் பாஷா வாசலில் வந்து நின்றார். "இதுக்கா இவ்ளோ பேச்சு? ஓரத்துல பட்டன் இருக்கும். அத ஒரே அமுக்கா அமுக்கிப் புடி அக்கா. தன்னால செத்துரும்."

"ஐயோ, அப்படிப் பண்ணாதீங்க, ஃபைலு போயிடும்!" என்று போன் கத்தியது.

"பாய், நான் அந்த மாதிரி யாரையும் அனுப்புனதில்ல" என்றாள் அமிர்தவள்ளி. பாஷா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அவள் சோப்பு போட்டுக் கை கழுவினாள். மிளகாய் எரிச்சல் போகத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தாள். பிறகு மகனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் போன பிறகு அதில் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"தொடறேன்டா" என்றாள். கோபி தன்னிடம் சொல்வதாக நினைத்து, "சரிம்மா" என்றான்.

திரை விழித்தது. நம்பர் கேட்டது. "எங்க செக்‌ஷன்ல எல்லாருக்கும் ஒரே நம்பர்தாம்மா" என்று சொல்லிக் கொடுத்தான். உள்ளே கட்டம் கட்டமாகச் செருப்பு அளவுகள். ஒரு கட்டம் பாதியில் நின்றிருந்தது.

"கன்ட்ரோல்னு எழுதியிருக்கும். அதையும் எஸ்ஸையும் சேத்து அமுக்குங்க. ஆச்சா? அன்பு செஞ்சது பத்திரமாயிடுச்சு. இப்ப மேல, வலது மூலைல பெருக்கல் குறி."

"மூடறேன்."

அடியில் ஒரு மெயில், கோபிக்கு. 'மச்சி, லைனிங் கொஞ்சம்' என்றதோடு நின்றிருந்தது. வாசித்துக் காட்டினாள்.  அதிலும் பெருக்கல் குறியைத் தட்டினாள்.

"சேவ் பண்ணவான்னு கேக்குதும்மா? ஆமான்னு குடுங்க" என்றான் கோபி.

அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. பச்சை விரிப்பில் சீட்டுக்கட்டு. பாதி ஆட்டம்.

"சீட்டு மாதிரி இருக்குதுப்பா."

"சீட்டா?" கோபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களையெல்லாம் வேலைய பாருங்கடான்னு சொல்லிட்டு சீட்டு ஆடியிருக்கான் பாருங்க!"

"என்னையும் ஒரு சட்னி அரைக்க விட்டானா? ஆபீஸ் வேல, ஆபீஸ் வேலன்னு..." அவளும் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் கோபியும் மூக்கை உறிஞ்சினான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையும் மூடறேன்டா. நீ தோத்துட்டுதான் இருந்த" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

கோபி சொன்னபடி இடது மூலையில் தட்டி, ஷட் டவுன் தேடினாள். அதற்கு முன்னால் அப்டேட் என்று சேர்ந்து இருந்தது. "ரொம்ப நாளா நிக்காம ஓடுதில்ல, அதான். அதையே தட்டுங்க. நீலமா வரும், கணக்கு ஓடும். அது முடியறவரைக்கும் மூடியையும் மூடக் கூடாது, வயரையும் புடுங்கக் கூடாது. பக்கத்துலயே இருங்கம்மா."

"அத எனக்குச் சொல்லணுமா?" என்றாள். "நீ வை."

கணக்கு மெதுவாக ஏறியது. பாதியில் தெருவே இருண்டது. கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பின் நீலம் மட்டும் அவள் முகத்தில் விழுந்தது. பேட்டரி ரொம்ப நேரம் நிக்காது என்று மகன் சொல்லியிருந்தான். அவளால் செய்ய ஒன்றுமில்லை. நோயாளி பக்கத்தில் எத்தனையோ முறை இப்படி உட்கார்ந்திருக்கிறாள். கையை அதன் ஓரத்தில் வைத்தாள். உள்ளே விசிறி இரைந்தது. "அவசரமில்ல. இங்கதான் இருக்கேன்" என்றாள்.

எண் நூறைத் தொட்டது. நீலம் போனது. விசிறி இரைந்து, தணிந்து, நின்றது. கடைசியாக அந்தச் சின்ன வெள்ளை விளக்கு அணைந்தது.

கையின் கீழ் இன்னும் சூடு இருந்தது. அது இறங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "மூடறேன் கண்ணு" என்று சொல்லி இரண்டு கையாலும் மூடியை மூடினாள்.

மறுநாள் காலையில் கோபி வந்தபோது, லேப்டாப் துவைத்த வெள்ளைத் தலையணை உறைக்குள் மேசைமேல் இருந்தது. வயரைச் சுற்றி நூல் போட்டுக் கட்டியிருந்தாள். அவன் ஒரு கையால் எடுக்கப் போனான். "ரெண்டு கையால புடிடா" என்றாள். பிடித்தான்.

"கீழ வச்சுட்டு உக்காரு. இட்லி இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ."

பரண்மேலிருந்து மிக்ஸியை இறக்கினாள். தூசி துடைத்து, தேங்காயும் பச்சை மிளகாயும் போட்டு, காலியாக இருந்த பிளக்கில் மாட்டினாள். சத்தம் தெருவரைக்கும் கேட்டது. 

அரைத்து முடித்தாள். மிக்ஸி வயரைக் கழற்றி, பழக்கத்தில் லேப்டாப் வயரைத் திருப்பி மாட்டக் கையை நீட்டி, பிறகு சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, கோபிக்குத் தட்டு எடுத்துவைக்கப் போனாள்.